ஒற்றைக் கைக்கு ஓர் அங்கி

மழை ஓய்ந்த முற்பகல். கிழக்கே ஆற்றுப் பாலம் தொடங்கி மேற்கே மரக்கிடங்குகள் வரை நீண்டு கிடந்த அந்நகரத்தின் கூரைகளெல்லாம் கழுவிக் கவிழ்த்த கலங்களைப் போல் ஒளிர, தெருக்குட்டைகளில் வானம் துண்டு துண்டாய் வீழ்ந்து கிடக்க, ஈரக் கம்பிகளில் வரிசையாய் அமர்ந்து புறாக்கள் இறகுலர்த்திய அவ்வேளையில், அச்சகத் தெருவின் மூன்றாம் மாடி வீடொன்றில் ஒரு பெண், தரையில் நீலத் துணியை விரித்து, கத்தரிக்கோலை ஏந்தி, வெட்ட அஞ்சி நின்றாள். படிக்கும் அன்பரே, அவள் அச்சத்தின் வேரை அறிய, ஏழு திங்களுக்கு முன் நிகழ்ந்ததை நீவிர் அறிதல் வேண்டும்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அவளுடைய அண்ணி, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். பள்ளி நூலகத்தில் ஏணி சரிந்து அண்ணி விழுந்தபோது வலத்தோளின் நரம்புகள் நைந்து, அந்தக் கை ஒடிந்து தொங்கும் கிளையென உடலோடு ஒட்டிக்கொண்டது. இடக்கையால் எழுதப் பழகினாள், உண்ணப் பழகினாள், உடுத்துவது மட்டும் கைவரவில்லை. அண்ணன் மலைப்பாதையில் சரக்குந்து ஓட்டிக் கிழமைக்கொரு முறையே வீடு திரும்புபவன் ஆதலால், நாத்தனாரே நாள்தோறும் அண்ணிக்கு உடுத்திவிட்டாள். கடமையென்று எண்ணி அல்ல; பள்ளித் தேர்வில் இருமுறை தோற்று மூலையில் முடங்கிய தன்னை, வீட்டுக்கு வந்து ஒரு திங்களும் ஆகாத அண்ணி பக்கத்திலமர்ந்து எழுத்தெண்ணிப் படிக்கவைத்தாள் என்னும் நன்றி அவள் நெஞ்சில் ஊற்றுநீராய்ச் சுரந்தவண்ணம் இருந்தது.

பள்ளி திறக்க ஒன்பது நாளிருக்கையில், பணியை விட்டுவிடப் போவதாக அண்ணி சொன்னாள்.

"ஏன் அண்ணி? கைதான போச்சு, வாய் போகலையே?"

"நாப்பது பிள்ளைங்களுக்கு அவங்கவங்க பொத்தான அவங்களே போடச் சொல்லிக் குடுத்தவ நான். எனக்கு இன்னொருத்தர் போட்டுவிடணும்னா, எந்த முகத்த வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கிறது?"

அச்சொல் முள்ளாய்த் தைத்தமையால், ஒற்றைக் கையால் தானே உடுத்தத்தக்க அங்கியொன்றை அண்ணிக்குத் தைப்பதென நாத்தனார் துணிந்தாள். துணிந்தாளேயன்றி, தலையணை உறைக்கு மேல் அவள் ஒன்றும் தைத்தவள் அல்லள்; நேர்கோடு ஒன்றே அவள் அறிந்த தையல். அதனாலேயே அந்த முற்பகலில் கத்தரிக்கோலோடு அஞ்சி நின்றாள்.

மூன்றாம் நாள் அங்கி ஒருவாறு உருப்பெற்றது. அண்ணி அதைத் தலைவழியே இறக்கினாள். அது தோளில் சிக்கி, மேலும் ஏறாது, கீழும் இறங்காது நின்றது.

"உள்ள ஒரே இருட்டா இருக்கு. வெளிய யாராச்சும் இருக்கீங்களா?" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல்.

இருவரும் விலாநோகச் சிரித்தனர். விடுவிக்கப்பட்ட பின், சிரித்த கண்களே நீர் மல்க, "விட்டுடும்மா. ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் அண்ணி.

விடவில்லை அவள். கீழ்த்தளத்தில் கூடாரமும் குடையும் தைக்கும் ஒருவர் இருந்தார். அவர் அவ்வங்கியைப் புரட்டிப் பார்த்து, நகைக்காமல், "தையல் நேராத்தான் இருக்கு, ஆனா ஒடம்பு நேர்கோடு இல்லையே? அக்குள்ல சாய்சதுரமா ஒரு துண்டு வைங்க, கை தாராளமா போகும். கழுத்துப் பட்டிய மூலைவாட்டுல வெட்டுங்க. நேரா இழுத்தா நீளாத துணி, சாய்ச்சு இழுத்தா இழுத்த இழுப்புக்கு வரும்" என்றார். மூலை வந்ததும் ஊசியைத் துணியிலேயே ஊன்றிவிட்டுத் துணியைத் திருப்பும் முறையை அவரிடமே கற்றாள். நான்கு முறை பிரித்தாள். நாளெல்லாம் பிறர் எழுத்தில் பிழை பொறுக்குபவளுக்குத் தன் பிழையைப் பொறுக்குவது அத்துணைக் கடினமாய் இல்லை.

ஆயினும் அவள் கற்றவற்றுள் தலையாயதை எவரும் கற்பிக்கவில்லை. ஒருநாள் தன் வலக்கையைத் துண்டால் இடுப்போடு இறுகக் கட்டிக்கொண்டு, அவ்வங்கியைத் தானே அணிய முயன்றாள். பல்லால் கடித்தாள், சுவரில் சாய்ந்தாள், வியர்த்தாள். அப்போதுதான் அறிந்தாள், இடக்கை மணிக்கட்டின் பொத்தானை இடக்கையால் போடவே இயலாதென்று. செயலற்ற கையை நுழைப்பதினும், அதன்மேல் துணியைச் சுற்றி மூடுவதே எளிதென்றும் கண்டாள். ஏழு திங்கள் உடுத்திவிட்டும் அறியாத ஒன்றையும் அன்று அறிந்தாள்: தன் உடம்பே தனக்கு அடங்காதபோது எழும் அந்தத் தனிமையை. கட்டவிழ்த்து நெடுநேரம் அழுதாள்.

பின்பு, முன்புறம் முழுதும் திறக்கவும் அங்கியின் வலக்கை தோள்முதல் நுனிவரை திறக்கவும் அமைத்து, பைகளுக்கு வைக்கும் காந்தப் பொத்தான்களைப் பதித்து, இடக்கை முனையைப் பொத்தானின்றித் தளர விட்டு, அங்கியைப் புதிதாய்த் தைத்து முடித்தாள்.

பள்ளி திறக்கும் காலையில் அண்ணி அதனோடு அறைக்குள் புகுந்து தாழிட்டாள். வெளியே நின்றவளுக்கு ஒவ்வொரு நொடியும் ஊழியாய் நீண்டது. ஏதோ விழுந்த ஓசை, ஒரு முனகல், பின் அமைதி.

"அண்ணி, நான் வரட்டுமா?"

"வராத!"

வேண்டாத கைகளை என்செய்வதென்று அறியாமல் ஒன்றையொன்று பற்றி நின்றாள். காந்தப் பொத்தான்கள் ஒவ்வொன்றாய்ச் சேரும் 'டக், டக்' ஒலி கேட்டது. ஏழு எண்ணினாள். தாழ் திறந்தது.

நீல அங்கியில் அண்ணி நின்றாள். கலைந்த கூந்தல், நெற்றியெல்லாம் வியர்வை, முகமோ மழை கழுவிய வானம்.

"கீழ்மடிப்பு ஒரு பக்கம் ஏறி இருக்கு," என்றாள் தழுதழுத்து.

"பிரிச்சுத் தச்சுடறேன் அண்ணி."

"கைய வச்சேன்னா தெரியும் சேதி. இது இப்படியே இருக்கட்டும்." இடக்கையால் நாத்தனாரின் கன்னத்தைத் தொட்டாள். "நன்றின்னு சொன்னா கோவிச்சுக்குவியா?"

"நான்தான் சொல்லணும் அண்ணி. இத்தன நாளா ஒங்க பக்கத்துலயே இருந்தும், கைய கட்டிக்கிட்ட அன்னிக்குத்தான் ஒங்க பாடு எனக்குத் தெரிஞ்சுது."

அண்ணி படியிறங்கினாள். கைப்பிடியைப் பற்றி மெல்ல மெல்ல அவள் இறங்குவதை மேலே நின்று நோக்கியிருந்த நாத்தனார், உடன்சென்று தாங்க எழுந்த கால்களைத் தடுத்து நிறுத்தினாள். ஒருவரைத் தாங்குவதற்கு அன்பு போதும். தாங்காமல் விலகி நிற்பதற்கோ, அன்போடு அறிவும் பொறுமையும் பலமுறை பிரித்துத் தைக்கும் துணிவும் வேண்டும். அவற்றைத் தனக்கு அருளிய அந்த நாள்களுக்கெல்லாம் நெஞ்சுக்குள் நன்றி மொழிந்தவளாய், காலடியோசை தெருவின் இரைச்சலில் கரையும் வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.