கை மாறிய கரண்டி

கீழே பைக் சத்தம் கேட்டதும் அமுதவல்லி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கையிலிருந்த கொத்துக்கரண்டியைப் புருசனிடம் நீட்டிவிட்டு, அவனிடமிருந்த கலவை வாளியை வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டை வாங்கியிருந்தவர் படியேறி வந்து எட்டிப் பார்க்கும்போது, பொன்னன் குளியலறைச் சுவரில் பாதி ஒட்டிய டைல்ஸுக்கு முன்னால் நின்று ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைக் கலக்கினாள்.

"வேல சுத்தமா இருக்குது மேஸ்திரி" என்றார் அவர்.

"எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்றான் பொன்னன்.

மனுசன் தெருமுனை திரும்பியதும் கரண்டி மறுபடியும் அவளிடம் வந்தது.

இருவருக்கும் பழகிப்போன கூத்துதான் இது. சாரத்திலிருந்து விழுந்ததில் பொன்னனின் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கையை உயரத் தூக்கவோ, எதையும் ஊன்றி அழுத்தவோ அவனால் முடியாது. தரையென்றால் உட்கார்ந்து எப்படியோ ஒட்டிவிடுவான். சுவரென்றால் அவள்தான். சித்தாளாக நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை, கட்டியவனைவிடக் கட்டிக்கொண்டவளுக்கு நன்றாக வந்தது. ஆனால் பொம்பளை கரண்டி பிடிப்பதைப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்கு வேலைமேல் நம்பிக்கை போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால் வண்டிச் சத்தம் கேட்டால் இறங்குவது என்று ஆகிப்போனது.

அவர்களுக்கு வேலை கொடுத்த வீடு கட்டும் கம்பெனி நாமக்கல்லில் முன்பு கட்டிக்கொடுத்த ஒரு வீட்டில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணின் தலையில் சுவர் டைல்ஸ் பெயர்ந்து விழுந்து தையல் போடும்படி ஆயிற்று. ஒட்டியவன் மூலைக்கு ஓர் உருண்டை கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே வெறும் காற்று. அதோடு கம்பெனி விழித்துக்கொண்டது. இனிமேல் சோதனையில் தேறி அட்டை வாங்கியவர்கள்தான் வேலை செய்யலாம்; மேஸ்திரிக்கு நீல அட்டை, உதவியாளுக்கு மஞ்சள் அட்டை என்று சூப்பர்வைசர் முருகானந்தம் வந்து சொன்னான்.

தங்கள் ஊரான எருமப்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே பொன்னன் எகிற ஆரம்பித்தான். "எங்கப்பன் எந்த அட்டைய வெச்சுக்கிட்டு ஊடு கட்டுனான்? நாளைக்கு மம்பட்டி புடிக்கறதுக்கும் லைசென்சு கேப்பானுக."

"கேக்கட்டுமுங்க. லாரி ஓட்டறவன்கிட்டக் கேக்கறதில்லீங்களா? நேத்து வெள்ளையடிச்சவன் இன்னைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தர்றான். அந்தப் பொம்பளைக்குத் தலைல உழுந்தது கண்ணுல உழுந்திருந்தா என்னாகறது?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீல அட்டைக்கு நான் எழுதிக் குடுக்கறேன். நீங்க மஞ்சளுக்குக் குடுங்க" என்றாள்.

"மஞ்சளா? ஊருல சிரிப்பானுக புள்ள."

"சிரிக்கறவனா நமக்குக் கூலி தாரான்?"

பொன்னன் தோளைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வாயை மூடிக்கொண்டால் சம்மதம் என்று அவளுக்குத் தெரியும். மேஸ்திரிக் கூலி வந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டாள்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று அவளுக்கு இருந்தது. யார் வந்தாலும் போனாலும் ஸ்டூலைவிட்டு இறங்காமல் ஒரு சுவரை முழுசாக முடிக்க வேண்டும்.

சோதனையை ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார்கள். மேஸ்திரியும் உதவியாளுமாகச் சோடிக்கு ஒரு சுவர். சேலத்திலிருந்து வரவேண்டிய தேர்வாளர் வந்து சேராததால், "நீங்க ஆரம்பிங்க, சார் வந்து பாத்துக்குவாரு" என்று அங்கிருந்த கம்பெனி ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

அமுதவல்லி ஒவ்வொரு டைல்ஸின் முதுகிலும் பசையை முழுக்கத் தடவி, பல்லுக் கரண்டியால் வாரிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி ஒட்டினாள். ரப்பர் சுத்தியால் தட்டினால் சத்தம் கெட்டியாக வந்தது. பொன்னன் கலவையை நீட்டி, "மேஸ்திரியம்மா, பதம் போதுங்களா, இன்னும் தண்ணி ஊத்தறதுங்களா?" என்றான். பக்கத்துச் சுவர்க்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்படிச் சிரித்து வேலை செய்து எத்தனையோ காலமாகியிருந்தது.

மேல் வரிசையில் கடைசி டைல்ஸை அழுத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கை தானாக நீண்டது. அவன் கையும் தானாக வாங்கிக்கொண்டது.

தேர்வாளர் வயதானவர், தன்மையானவர். சுவரை விரல் முட்டியால் இடம் இடமாகத் தட்டிப் பார்த்தார். "உள்ள காத்து நின்னா டொக்குங்கும். இங்க எங்கயும் டொக்குச் சத்தம் இல்ல. முதல் தரமான வேலை" என்று பொன்னனின் முதுகில் தட்டினார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"மேஸ்திரி அமுதவல்லி, உதவியாள் பொன்னன்னு இருக்குதே. பேரை மாத்தி எழுதித் தொலைச்சிருக்காங்க. நல்ல வேளை, நான் நேர்ல வந்தேன்." பேனாவை எடுத்துத் திருத்தினார்.

"ஐயா, அது தப்பில்லீங்க. நாந்தானுங்க ஒட்டுனது" என்றாள் அமுதவல்லி.

"கரண்டி அவர்கிட்ட இருக்குது. உங்க கையில என்னம்மா இருக்குது?"

அவள் குனிந்து பார்த்தாள். வாளி இருந்தது.

"நெசமாலுமே அவதானுங்க ஒட்டுனா" என்றான் பொன்னன்.

"வீட்டுக்காரம்மாவுக்கும் நல்ல கூலி வரட்டும்னு நினைக்கிறீங்க. தப்பில்ல. ஆனா இந்த மாதிரி ஆள்மாறாட்டம் கூடாதுன்னுதானே அட்டையே கொண்டுவந்திருக்கு?"

"இன்னொரு செவுரு குடுங்க சாமி. உங்க கண்ணு முன்னாலயே ஒட்டறேன்."

"அடுத்த தடவை எழுதிக் கொடுங்கம்மா, பார்ப்போம்." அவர் அதற்குள் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டார். சற்று முன் சிரித்தவர்கள் அவரவர் சுவரைத் துடைப்பதில் இறங்கிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதான் அவள் வாயைத் திறந்தாள். "எங்கையில கொள்ளிய வெக்க. நீங்களாச்சும் வாங்காம இருந்திருக்கலாமுல்லீங்க?"

"நீ நீட்டுனா வாங்கித்தானே புள்ள பழக்கம்" என்றான் அவன். அவள் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொன்னனுக்கு நீலம், அவளுக்கு மஞ்சள் என்று அட்டைகள் வந்த வாரமே கம்பெனியில் கெடுபிடி தொடங்கிவிட்டது. அடுத்த வீட்டுக் குளியலறையில் வேலை. முருகானந்தம் செல்போனோடு வாசற்படியிலேயே நின்றான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மஞ்சள் அட்டைக்காரங்க கரண்டியத் தொடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. ஒவ்வொரு வரிசைக்கும் நான் போட்டோ எடுத்து அனுப்போணும்."

"அவியளுக்குத் தோளு முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. ஆனா அட்டை அவருகிட்டத்தானே இருக்குது? நான் என்னங்க பண்றது?"

பொன்னன் கழுத்தில் நீல அட்டை ஆட, ஸ்டூலில் ஏறினான். ஷவர் குழாய்க்கு விட்டிருந்த துளைக்கு நேர் மேலே டைல்ஸை வைத்து இடது கையால் அழுத்தினான். வலது கையையும் கொடுத்துப் பார்த்தான். பாதியிலேயே தோள் வெடவெடத்துக் கை கீழே இறங்கியது. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சுத்தியால் தட்டினான்.

டொக்கென்றது.

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். முருகானந்தமும் செல்போனிலிருந்து ஒருகணம் தலையைத் தூக்கினான். பிறகு, "ஒட்டிக்கிச்சில்லீங்களா? செரி, இப்பிடித் திரும்புங்கண்ணா. அட்டை தெரியற மாதிரி" என்றான்.

அமுதவல்லி வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, காலியாக இருந்த உள்ளங்கையை டைல்ஸில் வைத்து அழுத்தினாள்.

"அக்கா, கைய எடுங்க" என்றான் முருகானந்தம். "போட்டோல உழுவுது."

அவள் கையை எடுத்தாள்.