மறைந்த தலைவர்

‘மறைந்த தலைவர் சென்னகேசவன் படத்திறப்பு விழா’ என்று நோட்டீசில் அச்சடித்திருந்தார்கள். லிங்கம்மாள் அந்த முதல் வார்த்தையில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். செத்துப்போனாலும் மறைந்தவர்தான், காணாமல் போனாலும் மறைந்தவர்தான். தமிழாவது அவளுக்கு இரக்கம் காட்டியது. புருஷன் காணாமல் போய் இரண்டு வருஷம் ஆகியும் தாலியும் பொட்டுமாகத் திரிகிறாளே என்று தெருவே முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். கண்ணால் பார்க்காமல் அவள் எதையும் கழற்றுவதாக இல்லை.

"படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது, விளக்கு ஏத்தக் கூடாது. சம்மதம்னா வாரேன்," என்று கொழுந்தனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். கொழுந்தன் சௌடப்பன், சென்னகேசவனுக்குச் சித்தப்பா மகன். இப்போது மன்றத்துக்கு அவன்தான் தலைவர்.

"உங்க இஷ்டம் மதினி," என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அருப்புக்கோட்டை பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த மனமகிழ் மன்றம். சென்னகேசவன் காலத்தில் அங்கே கேரம் போர்டு, ரேடியோ, நாலு பேப்பர், அவ்வளவுதான். காசு வைத்துச் சீட்டாடக் கூடாது என்று ஒரே பிடியாக நின்ற மனுஷன். அறுபத்தொன்பதாம் வருஷம் ஒருநாள் காலையில், "நரிக்குடி வரைக்கும் போயிட்டு, நாளைக்கு அம்மன் திருவிழாவுக்குள்ள வந்துருவேன்," என்று பஸ் ஏறினார். வரவே இல்லை. கொஞ்ச நாளில் சௌடப்பன் தலைவரானான், சீட்டுக்கட்டும் மாடி ஏறியது. அவர் போனதற்கும் இதற்கும் முடிச்சுப் போட லிங்கம்மாளுக்குத் தோன்றவில்லை. சொந்த வீட்டு ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி நிறைய ஆண்கள். பெண் என்று அவள் ஒருத்திதான். துணைத் தலைவர் உக்கிரபாண்டி, திருச்சுழிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி, முதலில் எழுந்தார். "தலைவர் அவுக இருந்த வரைக்கும் இந்த மாடியில ஒரு சண்டை சச்சரவு கெடையாது," என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தார். ‘இருந்த வரைக்கும்’ என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்துச் சௌடப்பன். பேச ஆரம்பித்ததுமே அவனுக்குக் குரல் உடைந்தது. அழுகை பொய்யில்லை. அழுகிறவனுக்கு நாக்கு நிற்காது, அதுதான் வினை.

"வருசா வருசம் சௌடேஸ்வரி அம்மனை அழைக்க நெஞ்சுல மொதக் கத்தி போட்டுக்கிறவன் நான். அண்ணன் காணாமப் போன வருசம் மட்டும் போடல. காலு சுளுக்குன்னு சொன்னேன். சுளுக்கெல்லாம் இல்ல. பங்காளித் தீட்டோட ஆத்தா முன்னால எப்பிடி நிக்கிறது?"

கூட்டம் ‘உச்’ கொட்டியது. என்ன பாசம் என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

லிங்கம்மாள் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். அந்தத் திருவிழா, அவர் பஸ் ஏறிய மறுநாள் நடந்தது. அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் ஒரு கவலையும் இல்லை. இந்த மனுஷனுக்கு எப்போதும் இதே வேலை என்று திட்டிக்கொண்டே, தலை நிறையப் பூவோடு அவள் தேங்காய் உடைத்தாள். அப்போதே அவர் செத்துப்போயிருந்தார். அது இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அம்மனை ஏமாற்ற மட்டும் இவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

சௌடப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நேரே அவளிடம் வந்தான். வீட்டில் பேசும் கன்னடத்தில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மெதுவாகச் சொன்னான்.

"ஒடம்பு சரியில்லபோல. வாங்க மதினி, நானே வீட்டுல கொண்டுபோயி விடுறேன்."

வீடு காலியாகக் கிடந்தது. அது அவனுக்கும் தெரியும். லிங்கம்மாள் தாலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கன்னடத்தில் பதில் சொல்லவில்லை. மாடி முழுக்கக் கேட்கும்படி தமிழில் கேட்டாள்.

"திருவிழா அன்னைக்கு அவுக ஊருக்குப் போயி ஒரு ராத்திரிதான ஆச்சு தம்பி. தீட்டுன்னு ஒங்களுக்கு யாரு வந்து சொன்னா?"

உக்கிரபாண்டி எழுந்து போய் மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவர் யார் பக்கம் என்று லிங்கம்மாளுக்குத் தெரியவில்லை.