முதுகில் போட்ட வட்டம்

என் வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு கட்டி குடிவந்தது. வாடகை கிடையாது. கையைத் தொங்கவிட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளும். சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்க ரோலரைத் தூக்கினால் ‘டொக்’ என்று வெளியே வரும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் போய்த் திறந்து பார்ப்பார்கள். ஒரு வீட்டில் நிஜமாகவே மாப்பிள்ளை வந்து நின்றார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, “இது ரொம்ப அபூர்வமான கட்டி. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா பெரிசாயிடுச்சு, எடுத்துடலாம்” என்றார். என் சம்பந்தமாக அபூர்வம் என்ற சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன். ஒரே ஒரு கவலைதான்: கை மறுபடி தலைக்கு மேலே போகுமா? போகாவிட்டால் நான் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் பெயிண்டர்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை, டாக்டரம்மா என் கையை முன்னால் நீட்டச் சொல்லி, கட்டி எட்டிப் பார்த்ததும் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டார். காலையில் அவர் வந்து பார்த்தால் முதுகு பளபளவென்றிருந்தது.

“வட்டம் எங்க? யார் அழிச்சது?”

“நான்தான் டாக்டர்” என்றாள் என் மனைவி. “எங்க கிளம்பினாலும் இவர் முதுகுல பெயிண்ட் ஒட்டியிருக்கும். தின்னர் தொட்டுத் துடைச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன். கை பழகிப்போச்சு.”

“ஆஸ்பத்திரிக்குத் தின்னர் கொண்டுவந்தீங்களா?”

“இவரையே கொண்டுவந்திருக்கேனே டாக்டர்.”

டாக்டரம்மா சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கிக்கொண்டார். நர்ஸ் என் முதுகைச் சோப்புப் போட்டுக் கழுவினார். “சரி, கட்டியை வரவழைங்க.” இல்லாத ரோலரைப் பிடித்து இல்லாத சீலிங்கை அடித்தேன். டொக். நர்ஸ் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். புது வட்டம் விழுந்தது. என் மனைவியை வெளியே உட்காரவைத்தார்கள்.

எடுத்த கட்டி பூசணிக்காய் அளவு என்கிறேன் நான். உள்ளங்கை அளவு என்கிறாள் அவள். நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.

தையல் ஆறியது. நீர் வடியப் போட்ட குழாயையும் எடுத்தார்கள். சுவரில் விரல்களை மேலே மேலே ஏறவிடும் பயிற்சியும் செய்தேன். அப்புறம் ஒருநாள் டாக்டரம்மா, “தூக்குங்க பெரியவரே, பார்ப்போம்” என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, நேராக மேலே போய் நின்றது. சத்தமே இல்லை. மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கையோடு என் பார்வையும் மேலே போனது.

“இந்த சீலிங்கை யாரு டாக்டர் அடிச்சது? மேடுபள்ளம் மறையப் பட்டிகூடச் சரியாப் பார்க்காம...”

“வாயை மூடிட்டு வாங்க” என்றாள் மனைவி.

“இருங்கம்மா” என்றார் டாக்டரம்மா. “பெரியவரே, எப்ப வந்து அடிச்சுக் குடுக்கறீங்க?”