ராக்கெட் மாப்பிள்ளை

வனஜாவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை உத்தமன் ராக்கெட் விடுகிற இடத்தில் வேலை செய்தான் என்பது உண்மைதான். ஸ்ரீஹரிகோட்டா ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனாலும் ஆனி மாதம் தட்டு மாற்றிய மறுநாளே வனஜாவின் ஊரான சேக்காடு முழுவதும் அவனை ராக்கெட் மாப்பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்து வைத்தவர் வனஜாவின் தாய்மாமன் கோவிந்தன். ஷிப்டு முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை ஒரு வரி விடாமல் மேய்கிற மனிதர். எந்த நாட்டு ராக்கெட் எத்தனை டன் தூக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"அமெரிக்கா, ருஷியா, பிரான்சு, சீனா, ஜப்பான். அதுக்கு அப்பால ஆரு? நம்ம ஊட்டு மாப்ள!" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார்.

அந்த எண்பத்தெட்டு ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவில் விட்ட ராக்கெட் கிளம்பிய சில நிமிஷங்களிலேயே கடலில் விழுந்தது. போன வருஷமும் அதே ஜாதி ராக்கெட் ஒன்று விழுந்ததுதான். அப்போது சேக்காட்டில் ஒரு காக்கைகூடக் கவலைப்படவில்லை. இந்தத் தடவை டிவியில் செய்தி முடிவதற்குள் மாமா வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்.

"யக்கா, மாப்ள ராசி சரியில்ல. அவன் கை வெச்ச ராக்கெட்டே ஊத்திக்கிச்சே, நம்ம பொண்ணு கதி இன்னா?"

வனஜாவின் அம்மா கெங்கம்மாளும் அதற்குத் தலையை ஆட்டினாள். அப்பா துலுக்கானம் வழக்கம்போல விட்டத்தைப் பார்த்தார். நட்டு எடுத்துக் கொடுக்கிறவனுக்கு என்ன ராசி என்று வனஜா கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவள் அவள். காயில் கருகினால் அங்கே கம்பியைப் பார்ப்பார்கள், சுற்றைப் பார்ப்பார்கள். யாருடைய ஜாதகத்தையும் கொண்டுவரச் சொன்னதில்லை.

நிச்சயத்தன்று உத்தமன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்கதானே?" அந்த ஒரு கேள்விக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆவணியில் கல்யாணம். அது நடக்க வேண்டுமே என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் இருக்கிற தன் வீட்டிலிருந்து உத்தமன் தனியாக வந்தான். காபி டம்ளரைக் கையில் வாங்கக்கூட இல்லை, அதற்குள் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. ருஷியாக்காரன் போன வருசம் ஒண்ணு வுட்டான், நூறு டன்னு தூக்குமாம். பிரெஞ்சுக்காரன்து நாலு டன்னு. சீனாக்காரன்துகூட ரெண்டு டன்னுக்கு மேல. உங்குளுது இன்னா? நூத்தம்பது கிலோ! ரெண்டு மூட்டை அரிசி. அதையும் கடல்ல போட்டுட்டு வந்து குந்திகினு கீறீங்களே!"

வனஜாவுக்குக் கூசியது. உத்தமன் கோபப்படவில்லை.

"மாமா, எடையை மட்டும் பார்த்தா எப்படி? எண்பத்தாறுல அமெரிக்காவுக்கு வரிசையா மூணு போச்சு. ஏழு பேரோட போனது வெடிச்சதை நீங்களே டிவியில பார்த்தீங்க. அதே வருஷம் பிரெஞ்சுக்காரனும் ஒண்ணு தொலைச்சான். விழாம கத்துக்கிட்டவன் எவனும் இல்லை. எங்கே தப்புன்னு தேடுவாங்க, சரி பண்ணுவாங்க, மறுபடி விடுவாங்க. இதுல ராசி எங்கே வந்தது?"

சமையலறை வாசலில் நின்ற வனஜாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படிப் பேச ஒரு ஆள் வந்தானே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாமாவும் இறங்கி வந்து, "அப்டி சொல்லு மாப்ள!" என்று தொடையைத் தட்டினார்.

உத்தமன் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஆனா ஒண்ணு. எங்க அம்மா ஒரு மாதிரி சொல்றாங்க. போன தடவை விழுந்தது வேற. இந்தத் தடவை தட்டு மாத்தின கையோட விழுந்திருக்கு. பொண்ணு ராசியா இருக்குமோன்னு பயப்படறாங்க. அடுத்த ராக்கெட் நல்லபடியா போகட்டும், அப்புறம் கல்யாணத்தை வெச்சுக்கலாமேன்னு…"

"அடுத்தது எப்போ?" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"மூணு நாலு வருஷம் ஆகலாம்."

மாமா வெடிப்பார் என்று வனஜா காத்திருந்தாள். அவரோ தாடையைச் சொறிந்துகொண்டார்.

"பெரியவங்க சொல்றதுல நாயம் இல்லாம போவுமா? நாமளும் யோசிக்கணும்ல யக்கா?"

போன வாரம் மாப்பிள்ளை ராசி என்று குதித்த வாய்! வனஜாவுக்கு அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் கூடத்துக்கு வந்து உத்தமனுக்கு எதிரே நின்றாள்.

"அமெரிக்காக்காரன் ராக்கெட்டு வெடிச்சப்ப எந்தப் பொண்ணுக்கு நிச்சயம் ஆச்சுங்க?"

"வாயெ மூடுடி!" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

உத்தமன் எழுந்துவிட்டான். "கோவப்படாதீங்க. நான் இதையெல்லாம் நம்பலை. சத்தியமா நம்பலை."

"நம்பறவங்களோட கூட குடித்தனம் பண்ணிடலாங்க. எங்கம்மா நம்புது, மாமா நம்புது, உங்கம்மாவும் நம்பறாங்க. நீங்க நம்பாமயே பஸ் ஏறி வந்து சொல்றீங்களே, அதத்தான் சகிக்க முடியல."

அவள் உள்ளே போனாள். பீரோவைத் திறந்து நிச்சயப் புடவையை எடுத்துப் பையில் வைத்தாள். கையிலிருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றி அதன் மேல் போட்டாள். அம்மா பின்னாலேயே வந்து பையைப் பிடித்து இழுத்தாள். "உன் அளவுக்குத் தெச்ச ரவிக்கைடி, அதையாவது எடுத்து வையேன்" என்று அழுதாள். வனஜா ரவிக்கையையும் பையிலேயே வைத்து, கொண்டுபோய் உத்தமனிடம் நீட்டினாள்.

வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைப் பின்னாலாவது இழுத்திருக்கலாம். அவன் பையை வாங்கி, மோதிரம் இருக்கிறதா என்று உள்ளே பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டான்.