குல்சும் பார்த்தது

பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை முடிந்து சந்தூக்குப் பெட்டி தெருவுக்கு வந்தபோது, இஃப்பத் மொட்டை மாடியில் ட்ரோனுக்கு பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தாள். சந்தூக்கில் போவது அவளைப் பெற்ற அத்தா நைனா முகமது. விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்தவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கீழே கட்டிலில் அம்மா குல்சும் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. ட்ரோன் பார்ப்பதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் தெரியும்; அவள் தலையைத் திருப்பினால் மேலே கேமராவும் திரும்பும். வாங்கித் தந்தது திருச்சியில் செல்போன் கடை வைத்திருக்கும் இஃப்பத்தின் தம்பி ஆசிப். ஓட்டக் கற்றுக்கொண்டது அத்தா. அறுபத்தெட்டு வயதில் மனுஷருக்கு என்ன ஆசையோ, முதல் வாரமே பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கொண்டுபோய்ச் சொருகினார். பிறகு கை பழகிவிட்டது; இஃப்பத்துக்கும் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் அஸர் தொழுததும் மாடி ஏறிவிடுவார். அம்மா படுத்தபடியே வெள்ளாற்று மணல், தங்கச்சி வீட்டுக் கொல்லை என்று ஒரு சுற்று சுற்றுவாள். யார் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்பது லெப்பைக்குடிக்காட்டில் முதலில் அவளுக்குத்தான் தெரியும். நாலு வீட்டார் மாடியில் திரை கட்டியதும் அதனால்தான்.

அது கால் மணி நேரம். மிச்ச நாள் முழுக்க வேறு பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். அத்தா தோளைப் பிடிப்பார், இஃப்பத் இடுப்பைப் பிடிப்பாள். குவைத்தில் இருக்கும் கணவன், எப்போது நம் வீட்டுக்கு வரப்போகிறாய் என்று கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையே விட்டுவிட்டான். இனி தோளையும் அவளேதான் பிடிக்க வேண்டும். மௌத்தான வீட்டில் இதைப் போய் நினைக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

காலையில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்கள மண்ணுல வெக்கிறத நான் பாக்கணும்."

ஆசிப் தயங்கினான். "கபர்ஸ்தானுக்குப் பொம்பளைங்க வர்றது இல்லையேம்மா. ஜமாத்துல கேப்பாங்க."

"நான் எங்கடா வரேன். இங்கதான கெடக்குறேன்."

"அத்தா மையத்துக்கு மேல மெஷினு சுத்துனா நல்லாவா இருக்கும்?"

"நாப்பத்தாறு வருஷம் கூட இருந்துட்டு, எங்க வெச்சாங்கன்னு அடுத்தவங்க சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்?"

அவன் வெளியே போய்விட்டான். சந்தூக்கைத் தூக்கும் முன் அக்காவிடம் வந்து, "ஒசரத்துலயே நிறுத்திக்க. சத்தம் கேக்க வேணாம்," என்றான்.

ட்ரோன் எழும்பிக் கபர்ஸ்தானுக்கு மேலே போய் நின்றது; இஃப்பத் கையிலிருந்த ரிமோட்டின் திரையிலும் அதே படம் தெரிந்தது. அம்மாவின் தலையணையில் ஒரு போன், இஃப்பத்தின் காதில் ஒன்று.

"தெரியுதாம்மா?"

"கூட்டந்தான் தெரியுது. கபர ஆளுங்க மறைக்கிறாங்கடி."

இஃப்பத் என்ன செய்வாள். இன்னும் இறக்கினால் சத்தம் கேட்கும். கபர்க் குழிக்குள் இறங்கி நின்ற ஆசிப் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். பிறகு சுற்றி நின்றவர்களிடம் ஏதோ சொன்னான். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. வெள்ளைத் துணி சுற்றிய உடலை நாலு கைகள் வாங்கி உள்ளே வைத்தன.

"பையத்தான வெக்கிறாங்க?"

"பையத்தாம்மா."

பலகை அடுக்கினார்கள். ஒவ்வொருவராக மூன்று கை மண் போட்டார்கள். போனில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. மண் மேடானது.

"போதும். கூட்டிட்டு வா."

திரும்பி வரும் பொத்தானை இஃப்பத் அமுக்கினாள். இனி அது தானே வந்து இறங்கிக்கொள்ளும், அவள் கை வேண்டியதில்லை. காலையிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடாத நேரம் அதுதான். காதிலிருந்த போனை அணைத்தாள். கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து, சுடுகிற தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அத்தாவுக்காகத்தான் அழுதாள். தனக்காகவும் அழுதாள். தலைக்கு மேலே ட்ரோன் வந்து நின்றதும், மெல்ல இறங்கியதும் அவளுக்குத் தெரியவில்லை.

மாடிக் குழாயில் முகம் கழுவிவிட்டுத்தான் கீழே வந்தாள். கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"தரை சுட்டிருக்குமேடி," என்றாள் அம்மா.

இஃப்பத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துட்டு இருந்தியா?"

"எறங்குற வரைக்கும் ஒன்னத்தான் பாத்தேன்."

புரட்டிப் போடும் நேரம் தாண்டியிருந்தது. இஃப்பத் குனிந்து அம்மாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"அது கெடக்கட்டும். செத்த நேரம் இப்புடி படு."

"வெளிய ஆளுங்க இருக்காங்கம்மா."

"இருக்கட்டும்."

ஒருவர் படுக்கிற கட்டில் அது. இஃப்பத் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினாள். அவள் முதுகில் ஒட்டியிருந்த சுவர்ச் சுண்ணாம்பை அம்மா ஒரு கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.