உம்மாவுக்கு எந்த மாடி

"டவரா, பழைய ஹோட்டலா? ஒரு வார்த்தையில சொல்லுங்க தம்பி. நாளைக்கு அஸர் தொழுகைக்குள்ள யாருக்கு எந்த ரூம்னு நான் அனுப்பியாகணும். இல்லேன்னா மக்காவுல இருக்கிற ஏஜென்ட் என் உயிரை எடுத்துடுவான்" என்றார் டிராவல்ஸ்காரர்.

மெக்கானிக் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த வீடியோவ இன்னொரு தடவ போடுங்க பாய்" என்றான்.

"மறுபடியுமா? உம்ரா யாத்திரைக்கு ரூம் பாக்க வர்றவங்க எல்லாரும் ஜன்னலத் தொறந்தா கஃபா தெரியுமான்னு கேப்பாங்க. சாப்பாடு எப்படின்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் லிஃப்ட் கதவையே மொறச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

"என் பொழப்பு அது பாய். வேற எங்க பாக்கச் சொல்றீங்க?"

அவன் பிழைப்பே லிஃப்ட்தான். ஒரு திருகை முறுக்கிவிட்டுக் கீழே இறங்கினால், சரியாக முறுக்கினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி மேலே ஏறித் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் நிம்மதி. கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு 'ரெண்டாந்தடவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவனின் உம்மா, பல வருடங்களாக லிஃப்ட்டுக்குள் கால் வைத்ததில்லை. மூன்றாவது மாடியில் இருந்த சொந்த வீட்டுக்கே காய்கறிப் பையோடு படியேறித்தான் வருவாள். "உன் மவன் ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறான், உனக்கு மட்டும் ஏணி வெச்சிருக்கான்" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்யாத நாள் இல்லை.

போன வருடமும் உம்மா உம்ராவுக்குப் பெயர் கொடுத்தாள். அறை பன்னிரண்டாவது மாடியில் என்று காதில் விழுந்த அன்றே, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்வாங்கிவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் மறுபடி மனசு வந்திருக்கிறது. இதையும் கோட்டைவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள் என்று மெக்கானிக்குக்குப் பட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவனுக்குள் இருந்தது. அவ்வளவு தூரம் போய்விட்டு, கீழே இறங்க முடியாமல், தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தத்தை அறையிலிருந்தே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? கூடப் போகலாம் என்றால் புதுக் கட்டட வேலை முடியும்வரை அவனுக்கு லீவு கிடையாது.

டவர் என்பது கஃபா இருக்கும் ஹரம் பள்ளிவாசலின் முற்றத்தை ஒட்டி நின்ற உயரமான ஹோட்டல். வாசலில் இறங்கினால் சமதரையில் நடந்து தொழப் போய்விடலாம். ஆனால் கீழ்த்தளங்கள் முழுக்கக் கடைகள். அறைகள் எல்லாம் ஆகாயத்தில். ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் லிஃப்ட் வாசலில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம். பழைய ஹோட்டல் பின்தெருவில் இருந்தது. முதல் மாடியிலேயே அறை, கைப்பிடி வைத்த அகலமான படி. ஒரே குறை, பள்ளியிலிருந்து திரும்பும்போது மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம்.

"உங்க உம்மா நல்லா நடப்பாங்கதானே?" என்றார் டிராவல்ஸ்காரர்.

"என்னைவிட வேகமா நடப்பாங்க."

"பின்ன என்ன யோசனை? நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறவன் படியேறியே போயிடுவான் போலிருக்கே."

"பழைய ஹோட்டல்னே போட்டு வைங்க பாய். வீட்ல சொல்லிட்டு உறுதி பண்றேன்."

"போட்டு வைக்கிறேன். பென்சில்லதான்" என்று சிரித்தார் அவர்.

வீட்டில் மாமி வந்திருந்தாள். வாப்பாவின் தங்கை. உம்மாவும் அவளும் ஒரே வீட்டில் வருடக்கணக்காக முட்டி மோதி, வாப்பா போன பிறகு ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாதவர்களாக ஆனவர்கள். உம்ராவுக்கும் இருவரும் சேர்ந்துதான் பெயர் கொடுத்திருந்தார்கள். கட்டில்மேல் வெள்ளை உடுப்புகளைப் பரப்பிவைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

"மதினி, இது உங்களுக்கு இறுக்கமா இருக்கு. எனக்குக் குடுத்துடுங்க."

"எனக்கு இறுக்கம்னா உனக்கு மூச்சே நின்னுடும்டீ."

நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறோம் என்று மெக்கானிக் நினைத்தான். பின்தெரு ஹோட்டலைப் பற்றிச் சொன்னான். முதல் மாடி, அகலமான படி, கைப்பிடிகூட ஆடாமல் இருக்கிறது, வீடியோவில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன் என்றான். சொல்லி முடித்தபோது அவனுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"அப்ப நான்?" என்றாள் மாமி.

"நீங்க டவர்லதான் மாமி. முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு அந்த ஏத்தம் ஏற முடியுமா?"

"அப்ப அவ்வளவு தூரம் போயி, நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கணுமா?"

"நல்லதாப் போச்சு. உன் கொறட்டை இல்லாம தூங்குவேன்" என்றாள் உம்மா. வாய் சிரித்ததே தவிர முகம் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "தனியாத்தானே அப்ப?" என்றாள்.

"இல்ல உம்மா, குழுவுல இன்னும் ரெண்டு குடும்பம் அங்கதான் இருக்கு."

"யாரோ எவரோ." துணிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போடத் தொடங்கினாள். பயணப் பையில் அல்ல, அவை எப்போதும் இருக்கும் பீரோப் பையில். "இந்த வருஷமும் வேணாம்னு சொல்லிடு தம்பி. அல்லா நாடினா இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்."

மெக்கானிக் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டான். "கீழ்மாடிதானே உம்மா கேட்டீங்க?"

"நான் எப்படா கேட்டேன்? நீயாத்தானே தேடுனே."

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததையே ஆரம்பித்தான். "உம்மா, லிஃப்ட்டுல ஒரு கயிறு இல்ல, பல கயிறு. ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும். கரண்ட் போனா பிரேக் தன்னால கவ்விக்கும். கரண்ட் இருந்தாத்தான் அது தொறந்தே இருக்கும். அதனால..."

"ஆரம்பிச்சுட்டான்யா பாடத்தை" என்றாள் மாமி.

"விழுந்துடுவோம்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றாள் உம்மா.

அவன் யோசித்துப் பார்த்தான். சொன்னதில்லை. ஒருமுறைகூடச் சொன்னதில்லை. லிஃப்ட் என்றால் பயம் என்று கேட்ட மாத்திரத்தில், அறுந்து விழும் பயம்தான் என்று அவனாக முடிவு செய்து, இத்தனை வருடமாகக் கயிற்றைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் விளக்கு விளக்கென்று விளக்கியிருக்கிறான். வேலைக்குப் போகிற இடத்தில், எங்கே பழுது என்று கேட்காமல் அவன் ஒரு பெட்டியைக்கூடத் திறந்ததில்லை.

"அப்ப எதுக்கும்மா பயம்?" என்று கேட்டான்.

உம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்க வாப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனேன்ல. லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. நான் மட்டும்தான் உள்ள. இருட்டு. அதுகூடப் பரவாயில்ல. கதவுக்கு வெளிய ரெண்டு பேர் நின்னு பேசுறாங்க. அவங்க பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது. யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிச் சிரிக்கிறாங்க. நான் தட்டுறேன், கத்துறேன். அவங்களுக்குக் கேக்கல. பேசி முடிச்சிட்டுப் போயிட்டாங்க." கையில் இருந்த துணியை நீவினாள். "அவ்வளவுதான். கதவு மூடுற சத்தம் கேட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

மாமி உம்மாவின் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இத ஏன் மதினி என்கிட்டகூடச் சொல்லல?"

"நீ எங்க என்னைப் பேச விட்டே?"

மறுநாள் காலை மெக்கானிக் இருவரையும் புதுக் கட்டடத்துக்கு அழைத்துப்போனான். லிஃப்ட் ஓட்டிப் பார்த்து முடிந்திருந்தது. இன்னும் யாரும் குடிவரவில்லை. "லிஃப்ட்ல ஏறச் சொல்ல மாட்டேன். ஒரு பட்டனை மட்டும் பாருங்க" என்று சொல்லித்தான் கூட்டிவந்தான். திறந்த கதவுக்குள் கையை நீட்டி, மணி வரைந்த பட்டனை உம்மாவை அழுத்தச் சொன்னான். வாசலில் காவலாளியின் மேசையில் மணி அலறியது. பிறகு பட்டனுக்கு மேலிருந்த சின்ன சல்லடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாருங்க?"

உம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அந்தச் சல்லடையிடம், "நான்தாங்க" என்றாள்.

"நான்தான்னா?"

"லிஃப்ட்கார தம்பியோட உம்மா."

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். கேக்குதான்னு பாத்தேன்."

இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். காவலாளி அலுத்துக்கொள்ளாமல் இரண்டு தடவையும் பேசினார். பிறகு அவளே ஒரு காலை உள்ளே வைத்தாள். மாமியின் கையைப் பிடித்து இழுத்து அவளையும் உள்ளே சேர்த்துக்கொண்டாள். மெக்கானிக்கோடு மூவருமாக ஒரே ஒரு மாடி போனார்கள். வெளியே வந்தபோது உம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"போதும் உம்மா" என்றான்.

"போதாது. போய்க்கிட்டே இருந்தா யாருக்குத்தான் பயம்? நடுவுல நிறுத்து."

"உம்மா..."

"நிறுத்துடா. நிக்கிறதுதானே எனக்குப் பயம்."

இருவரையும் லிஃப்ட்டுக்குள் விட்டுவிட்டு அவன் மேல்தளத்தில் இருந்த கண்ட்ரோல் அறைக்குப் படியேறினான். லிஃப்ட்டை நிறுத்தும் பொத்தானை வேலைக்காக எத்தனையோ தடவை அழுத்தியவன்தான். இருந்தாலும் சரியான பொத்தான்தானா என்று பார்த்தான், மறுபடி பார்த்தான். அழுத்தினான். ஏறிக்கொண்டிருந்த லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. சுவரில் இருந்த இன்டர்காமில் காதை வைத்தான். லிஃப்ட்டுக்குள் பேசுவது அங்கேயும் கேட்கும், அங்கிருந்து பேசவும் முடியும்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மணி. பிறகு காவலாளியின் குரல்: "சொல்லுங்கம்மா, எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட்டுக்குள்ள!" இது மாமி. "பின்ன கெணத்துக்குள்ளயா?"

"உம்மா, நான் ஓட்டிடட்டுமா?" என்றான் மெக்கானிக்.

"இருடா. தொடாதே." உம்மாவின் குரல் ஒல்லியாக இருந்தது. மூச்சு வேகமாகக் கேட்டது. "எவ்வளவு நேரம் முடியுதுன்னு பாக்குறேன்."

"எனக்குக் கால் வலிக்குது மதினி."

"கீழ உக்காரு."

"உக்காந்தா யாரு தூக்கி விடுறது? ஒங்க மவன் அதுக்கு ஒரு மெஷின் வெச்சிருக்கானா?"

அதற்குப் பிறகு மாமி நிறுத்தவே இல்லை. முட்டி வலி, டாக்டர், டாக்டரின் மருமகள் என்று போய்க்கொண்டே இருந்தது. உம்மா எப்போதாவது "ம்" போட்டாள். அந்த "ம்" ஒவ்வொன்றையும் மெக்கானிக் பிடித்துவைத்துக்கொண்டான். கடைசியில் உம்மா, "இப்ப ஓட்டுடா. இவ டாக்டரோட பேரன் பேத்திக்குப் போறதுக்குள்ள" என்றாள்.

கதவு திறந்தபோது உம்மாவின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது. மாமியின் மணிக்கட்டில் விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் விட்டான். போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அங்கேயும் இப்படி யாராவது பேசுவாங்களா? தமிழ்ல?" என்றாள் உம்மா.

"தெரியல உம்மா." தெரியாது என்று அவளிடம் அவன் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். டிராவல்ஸ்காரரைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பான். அதுக்கு நான் கேரண்டி. தமிழ் தெரிஞ்சவனா இருப்பான்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

"நான் போடுற சத்தத்துக்கு பாஷை எதுக்கு பாய்?" என்றாள் மாமி.

"இன்னொண்ணு, இப்பவே சொல்லிடுறேன். டவர்ல நமக்குக் கெடச்சிருக்கிறது பதினாலாவது மாடி. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

மெக்கானிக் கையால் போனைப் பொத்தினான். இன்னும் நேரம் இருக்கிறது, வேறு ஹோட்டல் ஒன்று தேடிப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தான். அதற்குள் உம்மா அவன் கையை விலக்கிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள்.

"பாய், எங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுடுங்க."

"டவர்லயா?"

"டவர்லதான். தொழுகை முடிஞ்சதும் லிஃப்ட்டுக்குக் கூட்டமா இருக்கும்னு சொன்னீங்களாம். கொறையுற வரைக்கும் நாங்க பள்ளியிலயே உக்காந்திருப்போம். அதுக்குத்தானே அவ்வளவு தூரம் போறோம்."

"அப்ப பசிச்சா?" என்றாள் மாமி.

"பையில ஏதாவது வெச்சுக்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். என்னை விட்டுட்டு ஒரு தடவகூட நீ முன்னாடி ஓடக் கூடாது."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

போனுக்குள் டிராவல்ஸ்காரர் சிரிப்பது கேட்டது. "பேனாவாலயே எழுதிட்டேன்மா. இனி மாத்த முடியாது. தம்பிகிட்ட சொல்லுங்க, திரும்பவும் வீடியோ போடுன்னு வந்துடப் போறார்."

போனை வைத்த பிறகும் மெக்கானிக்குக்கு மனசு ஆறவில்லை. "நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களா உம்மா?"

"நீ யோசிச்சதே நம்ம ரெண்டு பேருக்கும் போதும். இந்தக் கட்டடத்துல எத்தன மாடி?"

"ஒன்பது."

"பதினாலுக்குப் பத்தாதே."

"ரெண்டு தடவ போனா சரியாப் போச்சு, வாங்க மதினி" என்று மாமி முன்னால் நடந்தாள். சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து, நின்று, உம்மா வரும்வரை காத்திருந்து, சேர்ந்து உள்ளே போனாள்.

மெக்கானிக்கும் காலை எடுத்து வைத்தான்.

"நீ வராதே தம்பி" என்றாள் உம்மா. "அங்க நீ இருக்க மாட்டே."

அவன் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். உள்ளே யார் பட்டனை அழுத்துவது என்று இருவருக்கும் தகராறு நடந்துகொண்டிருக்கும்போதே கதவு மூடியது.