பன்றி வேலி

வினுதா சிப்பை நெம்பி எடுத்தாள். வளைந்திருந்த கால்களை நகத்தால் நிமிர்த்தி, மறுபடியும் பலகையில் அழுத்தி உட்காரவைத்தாள். மடிக்கணினியில் விசையைத் தட்டினாள். சிப்பில் நிரல் ஏற்றும் புரோகிராமர் கருவியின் சிவப்பு விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. திரையில் மட்டும் காலையிலிருந்து வருகிற அதே வரி வந்தது. சிப் எதுவும் தென்படவில்லை.

"இன்னும் பேசலையா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"உங்கம்மா கோவிச்சுக்கிட்டாகூட அரை நாள்ல பேசிடுவா."

சமையலறையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஜயம்மா காதில் விழாதது போல இருந்தாள். நிங்கேகவுடர் நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பலகையில் ஒன்றும் விளங்காது. ஆனால் மகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்குச் சலிப்பே வராது.

கௌரி பண்டிகைக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் வினுதா. கையில் புது வளையல் ஏறிய மறுநாளே இடி இறங்கியது. வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. மக்காச்சோளக் காட்டு வேலியின் பெட்டி மட்டும் செத்துப்போனது. போன வருடம் அவளே செய்து கொடுத்த பெட்டி அது. சோலார் தகட்டிலிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து கம்பி. நொடிக்கு ஒருமுறை கம்பியில் ஒரு சுண்டு. பன்றியின் மூக்கில் பட்டால் அலறிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். எப்போது சுண்ட வேண்டும் என்று சொல்கிற சிப்தான் இடியில் கருகிவிட்டது. மைசூரில் வாங்கி எப்போதோ பெட்டியோடு போட்டு வைத்திருந்த இன்னொரு சிப்பை மாட்டினாள். அதற்குள் நிரலை ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு அவளிடம் இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு மலிவான புரோகிராமர். கணினியின் யுஎஸ்பி துளையில் ஒரு பக்கம், பட்டை வயரில் மறுபக்கம்.

அந்தப் பட்டை வயரின் ஒவ்வொரு இழையையும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மீட்டர் கீச்சிட்டது. போக வேண்டியதும் வர வேண்டியதும் இடம் மாறியிருக்குமோ என்று மாற்றிப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். அண்ணனின் மகளுடைய கணினியை வாங்கி அதில் செருகிப் பார்த்தாள். சிப்புக்கு ஐந்து வோல்ட் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சோறு போகிறது, மூச்சு இல்லை.

மதியத்துக்கு மேல் லோகேஷ் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றான். அவளுக்கு மூத்தவன். தோளில் ஒரு சுருள் கம்பி தொங்கியது.

"நேத்து மேல்பக்கம் மொத்தமா உழுதுட்டுப் போயிருக்குங்க. கதிர்ல இப்பதான் பால் பிடிக்குது. இன்னைக்கும் விட்டா அறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"சாயங்காலத்துக்குள்ள பார்த்துடறேன் அண்ணா."

"இதையேதான் நேத்தும் சொன்ன."

அவள் அந்தக் கம்பியைப் பார்த்தாள். "அது எதுக்கு?"

"சும்மா."

"மோட்டார் லைன்ல கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடப் போறியா?"

"ஊர்ல யாரு போடல? ராத்திரி போட்டு விடியறதுக்குள்ள எடுத்துடறாங்க. உன் பெட்டி மாதிரி கிச்சுகிச்சு மூட்டாது. ஒரு பன்னி விழுந்தா அடுத்தது இந்தப் பக்கமே வராது."

"மாடு மேய்க்கப் போன பசவண்ணா எப்படிச் செத்தாரு?"

"அவரு குடிச்சிருந்தாரு."

 சமையலறையில் தட்டுகிற ஓசை நின்றது. வினுதா அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையில் சிந்தியிருந்த ஈயத் துளியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க சொல்லுங்க."

"போடமாட்டான்" என்றார் அவர். மகளைப் பார்க்காமல் சொன்னார்.

லோகேஷ் கம்பியை இறக்கி வைக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வினுதா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய கருகிய சிப்பை மாட்டிப் பார்த்தாள், புதியதை மாட்டிப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே பதில். செத்ததையும் உயிருள்ளதையும் பிரித்துச் சொல்லத் தெரியாத கருவி மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது. அப்பா ஒருமுறை குடையோடு வெளியே போய் நனைந்து வந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சாப்பிடும்போது அவர் மாமூலாக இல்லை. கேழ்வரகு முத்தேயை உருட்டிச் சாற்றில் தோய்த்து, விழுங்க மறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சிப் புதியது இல்லை. கடைக்காரன் ஏதோ பழைய கருவியிலிருந்து பிடுங்கித் துடைத்துக் கொடுத்தது. முன்பு அதை வைத்திருந்தவர்கள் வெளியிலிருந்து துடிப்பு வந்தால்தான் நீ விழிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். அவள் பலகையில் அந்தத் துடிப்பைக் கொடுக்கிற படிகம் கிடையாது.

ஈரக் கையோடு உள்ளே ஓடி அலமாரியைக் குடைந்தாள். அண்ணனின் மகள்கள் உடைத்துப் போட்டிருந்த பழைய மவுஸ் ஒன்று கிடைத்தது. பிரித்தால் உள்ளே தகர மூடி போட்ட படிகம், இரண்டு காலோடு. சுடவைத்துக் கழற்றி, சிப்பின் பக்கத்தில் பற்றவைத்தாள். விசையைத் தட்டினாள்.

திரையில் சிப்பின் பெயர் வந்தது.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "பேசிடுச்சு."

நிங்கேகவுடர் காபி டம்ளரோடு வந்தார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் குனிந்து பார்த்தார்.

"என்னவாம் அதுக்கு?"

"கொட்டு அடிச்சாத்தான் ஆடுவேன்னு நின்னிருக்கு. யாரோ அப்படிப் பழக்கி விட்டிருக்காங்க. நான் கொட்டே அடிக்காம ஆடு ஆடுன்னா எப்படி?"

அவர் சிரித்தார். இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. "நம்ம ஊர்த் தேர்ல ஆட வர்ற புட்டராஜு மாதிரின்னு சொல்லு."

"இனி நிரலை ஏத்திட்டா ஆச்சு. குளிச்சிட்டு வாங்க, ரெண்டு பேரும் போய் மாட்டிட்டு வந்துடலாம்."

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். "அப்ப நான் போய் அதைக் கழட்டிடறேன்மா. நீ பெட்டியோட வர்றப்ப அது அங்க இருக்கக்கூடாது."

"எதை?"

 "உங்கண்ணன் நேத்து கொக்கி போட்டுட்டான். நான்தான் சரின்னேன். நீ திட்டாத அவனை. விடியக்காலையிலயே லைன் போயிடுச்சு, மோட்டார் நின்ன சத்தம் கேட்டேன். இனிமே மத்தியானம்தான் வரும்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை. கரண்ட் இல்லாத கம்பி வெறும் கம்பி. "அண்ணனையே கழட்டச் சொல்லுங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவன் பால் ஊத்தப் போயிருக்கான். எனக்கென்ன, ஒரு மூங்கில் போதும்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நிரல் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டு வந்தது. நிறைந்ததும் சரிபார்க்கச் சொன்னாள். அதுவும் சரியாக இருந்தது. பேட்டரியைக் கொடுத்தாள். பெட்டி 'டிக்' என்றது. ஒரு மூச்சு விட்டு மறுபடியும் 'டிக்'. பச்சை விளக்கு அந்தச் சத்தத்தோடு மின்னியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயெடுத்தாள்.

அப்போது பள்ளத்திலிருந்து மோட்டார் ஓடுகிற சத்தம் வந்தது.

முதலில் பக்கத்துக் காட்டு மோட்டார். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று. எல்லோரும் தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்திருந்தார்கள். ஆள் தேவையில்லை, லைன் வந்தால் தானாக எழுந்துகொள்ளும். கடைசியாக அவர்களுடையது. குழாயில் காற்று விக்கி, தண்ணீர் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தது.

ராத்திரி கரண்ட் அடிக்கடி போனதற்கு ஈடாகக் காலையில் கொஞ்ச நேரம் விட்டோம் என்று லைன்மேன் பிற்பாடு சொன்னார்.

வினுதா ஓடினாள். செருப்பில்லாமல், வரப்பு வழுக்க வழுக்க, அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். சோளத்தட்டைகள் தலைக்கு மேல் நின்றன. எதுவும் தெரியவில்லை. கொக்கி மோட்டார் கொட்டகைப் பக்கம் இருந்தது. அங்கே குறுக்கே போக வேலியைத் தாண்ட வேண்டும். கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக் காலைத் தூக்கிப் போடுவது அவருடைய பழக்கம். அவள் பெட்டியை அணைத்து வைத்திருக்கும்போது எத்தனையோ முறை அப்படித் தாண்டியிருக்கிறார்.

அவர் கம்பியின் மேலேயே கிடந்தார். மூங்கில் பக்கத்தில் கிடந்தது.

அவள் தொடவில்லை. தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததை அவளால் பிறகு எப்போதும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூங்கிலை எடுத்தாள். அது மழையில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். பால் கேனோடு வந்துகொண்டிருந்த லோகேஷ் கேனை வரப்பில் எறிந்துவிட்டுச் சுற்றி ஓடினான். கொட்டகைக்குள்ளிருந்து உலர்ந்த கழி ஒன்றை இழுத்து வந்து, லைனிலிருந்து கொக்கியைத் தட்டிவிட்டான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவைப் புரட்டி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மார்பை அழுத்தினாள், வாயில் ஊதினாள். லோகேஷ் எதிரே முழங்காலிட்டு அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் இருவரும் நிறுத்தினார்கள். யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை. அப்பாவின் வலது உள்ளங்கையில் கம்பி கிடந்த கோடு கருப்பாக விழுந்திருந்தது.

ஜயம்மா வந்து சேர்ந்தபோது கையில் மாவு இருந்தது. அவள் அலறவில்லை. புருஷனின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, அவருடைய நெற்றியில் ஒட்டியிருந்த சோளத்தாளை எடுத்துப் போட்டாள். பிறகு மகனைப் பார்த்தாள். மகன் கொக்கிக் கம்பியைப் பார்த்தான்.

அவன் எழுந்தான். கம்பியைச் சுருட்டினான். வேலியில் முறுக்கியிருந்த முனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்து எடுத்தான். சுருளோடு வீட்டுப் பக்கம் நடந்தான். ஊர்க்காரர்களைக் கூப்பிடப் போகிறான் என்று வினுதா நினைத்தாள்.

திரும்பி வந்தபோது சுருள் இல்லை. ஒரு கையில் பேட்டரி, இன்னொரு கையில் பெட்டி.

"அண்ணா, என்ன பண்ற?"

 கம்பத்தில் பழைய ஆணி இருந்தது. அதில் பெட்டியை மாட்டினான். வேலிக் கம்பியை அதன் முனையில் முடுக்கினான். திருகு இரண்டு முறை கீழே விழுந்தது.

"அம்மா, அவன் என்ன பண்றான் பாரு."

"நீ பேசாம இரு வினு."

"அதால கொல்ல முடியாதும்மா. அது கொல்லாது."

"தெரியும்" என்றாள் ஜயம்மா. "உங்கப்பா அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாரு. என் மக செஞ்சது கோழிக்குஞ்சைக்கூடக் கொல்லாதுன்னு." முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அவனைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. மெஷின் கெட்டுப்போச்சுன்னா யாரைப் பிடிப்பாங்க?"

பச்சை விளக்கு மின்னியது. பெட்டி 'டிக்' என்றது.

வரப்பில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கும்பலாக. யாரும் வேலிக்கு அருகில் வரவில்லை. பெண்கள் தூரத்திலிருந்தே அழுதார்கள். எவனோ ஒருவன் பெட்டியைக் காட்டி இன்னொருவன் காதில் ஏதோ சொன்னான். வினுதா அப்பாவின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

அரகலகூடு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். பெருத்த ஆள், வரப்பில் நடக்க மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பிணத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியை.

"இதை யாரு செஞ்சது?"

லோகேஷ் தரையைப் பார்த்தான். "நான்தான்" என்றாள் வினுதா.

"நீயாம்மா? படிச்சிருக்கியா?"

"டிப்ளமோ. எலக்ட்ரானிக்ஸ்."

"இடி விழுந்துச்சு சார்" என்றான் லோகேஷ். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அதுலேர்ந்து அது சரியில்ல. ரெண்டு நாளா சரி பண்ணிட்டிருந்தா. ஏதோ கோளாறு ஆயிருக்கும்."

ஏட்டு அவளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது போல இருந்தது. அவள் அப்பாவின் காதருகில் இருந்த சேற்றை விரலால் வழித்தாள்.

அவர் குனிந்து வரப்பிலிருந்து பச்சைப் புல் ஒன்றைப் பிடுங்கினார். கூட்டத்தில் யாரோ, சார் வேண்டாம் என்றார்கள். புல்லின் நுனியைக் கம்பியில் வைத்தார். முழங்கை வெடுக்கென்று உதறியது. புல்லை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளிப் பிடித்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் ஓர் உதறல், அவ்வளவுதான். கையை உதறிக்கொண்டு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மோட்டார் கொட்டகையைப் பார்த்தார். அதற்கு மேலே போகிற லைனை ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை பார்த்துக்கொண்டு போனார்.

மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"கவுடருக்கு நெஞ்சு நோவு ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். லோகேஷிடம் கேட்கவில்லை. ஜயம்மாவிடம் கேட்டார், மெதுவாக.

 ஜயம்மா முந்தானையை இழுத்து, புருஷனின் வலது உள்ளங்கையை மூடினாள்.